மலைச்சரிவில் சொகுசு வீடு: சேமிப்பில் பாதிக்கு மேல் போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 52, கணவருக்கு 55. மகள் வேலைக்குப் போய்விட்டாள். கடன் எதுவும் இல்லை. மலைச்சரிவில் 40 வீடுகள் மட்டுமே உள்ள சொகுசுக் குடியிருப்பு ஒன்றில் ஒரு வீட்டைப் பார்த்தோம். எங்கள் மொத்தச் சேமிப்பை 100 பங்கு என்று வைத்தால் வீட்டின் விலை 60 பங்கு வரும். கடன் வாங்காமல் கையிருப்பிலேயே முடித்துவிடலாம், ஓய்வுக்குப் பிறகு அங்கேயே இருந்துவிடலாம் என்கிறார் கணவர். அந்த வீட்டு பால்கனியில் நின்று பார்த்ததிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை. எனக்குத்தான் எங்கேயோ உதைக்கிறது. வாங்கலாமா?

பதில்: இந்தக் கணக்கில் வேண்டாம். வீட்டின் விலையைப் பார்த்துச் சொல்லவில்லை. வாங்கிய பிறகு வருடா வருடம் அது கேட்கப்போகும் பணத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

வீட்டு விலையில் ஆண்டுக்கு 1 சதவீதத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்குவது பொதுவான வழக்கம். மலையில் ஈரமும் வெயிலும் மாறி மாறி அடித்து பெயின்ட், மரவேலை, கூரை எல்லாம் சீக்கிரமே கையைக் கடிக்கும். அதோடு குடியிருப்போர் சங்கத்தின் மாதச் சந்தா, காப்பீடு, சொத்து வரி, நீங்கள் இல்லாதபோது வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். எல்லாம் சேர்த்து 3 சதவீதம் என்று வைப்போம். 60 பங்குக்கு ஆண்டுக்கு 1.8 பங்கு ஆகிறது. மீதி 40 பங்கு, விலைவாசி உயர்வு போக 4 சதவீதம் ஈட்டினாலும் 1.6 பங்குதான் வரும். ஆக, மிச்சப் பணத்தின் வருமானத்தை முழுக்க வீடு எடுத்துக்கொண்டு அசலிலும் கை வைக்கும். சாப்பாட்டுக்கும் மருத்துவத்துக்கும் பென்ஷன் இருக்கிறதா? அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

அப்புறம், மலைக்கே உரிய செலவு ஒன்று இருக்கிறது: மண் சரியாமல் பிடித்து நிறுத்தும் தடுப்புச்சுவர். சரிவில் வீடு கட்ட ஒரு பக்கம் மண்ணை வெட்டி மறுபக்கம் நிரப்புவார்கள். நிரப்பிய பக்கத்தைச் சரியாகக் கெட்டிப்படுத்தாவிட்டால் மெல்ல அமுங்கும். சுவரை இடிப்பது பெரும்பாலும் அதன் பின்னால் தேங்கும் தண்ணீர்தான். அதனால்தான் சுவரில் வரிசையாக ஓட்டைகள் விட்டிருப்பார்கள். நல்ல மழை பெய்த மறுநாள் போய் அந்த ஓட்டைகளைப் பாருங்கள். தெளிந்த தண்ணீர் வடிந்தால் நல்லது. மண் கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். மழைக்குப் பிறகும் எல்லா ஓட்டையும் காய்ந்து கிடந்து, சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால் ஓட்டைகள் அடைத்துக்கொண்டிருக்கலாம். சுற்றியுள்ள மரங்களையும் கவனியுங்கள். அடியில் வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள் வரிசையாக இருந்தால், மண் மெதுவாக இறங்குகிறதோ என்று கேட்க வேண்டும். தரகர்கள் வெயில் அடிக்கும் காலையில்தான் வீடு காட்டுவார்கள். குறை சொல்லவில்லை, அவர்கள் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன்.

வீடு அப்படியே நின்றாலும் நிலம் நகரலாம். கலிஃபோர்னியாவில் ராஞ்சோ பாலோஸ் வெர்டெஸ் என்ற வசதியான ஊரில், போர்ச்சுகீஸ் பெண்ட் பகுதியில், 1956-இல் சாலை வேலையின்போது பழைய நிலச்சரிவு மறுபடி நகரத் தொடங்கியது. பல பத்தாண்டுகள் மெதுவாக நகர்ந்த நிலம், கனமழைக்குப் பின் வேகமெடுத்தது. 2024-இல் அங்கே பல வீடுகளுக்கு எரிவாயுவும் மின்சாரமும் நிறுத்தப்பட்டன. கூரையும் சுவரும் இருக்கிறது, கரண்ட் இல்லை. அந்த வீட்டை யார் வாங்குவார்கள்?

பல நாடுகளில் சாதாரண வீட்டுக் காப்பீடு நிலம் நகர்வதால் வரும் சேதத்தை ஏற்பதில்லை. தனியாக எடுக்க வேண்டும், கிடைத்தால். காட்டுத்தீ அபாயம் உள்ள இடமென்றால் காப்பீடு கிடைப்பதே பிரச்சினையாகலாம். ஸ்டேட் ஃபார்ம் என்ற அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் 2023 மே மாதத்தில் கலிஃபோர்னியாவில் புதிய வீட்டுக் காப்பீட்டு விண்ணப்பங்களை வாங்குவதையே நிறுத்தியது. அதனால் முன்பணம் கொடுக்கும் முன்பே, எது சேரும் எது சேராது என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள்.

40 வீடுகள் என்றால் கேட்க அமைதியாக இருக்கிறது. ஆனால் மேலே ஏறும் சாலை, வடிகால், பொதுச் சுவர் எல்லாம் குடியிருப்புக்குச் சொந்தமென்றால் செலவும் அந்த 40 பேர் தலையில்தான். பெரிய சுவர் ஒன்றைத் திரும்பக் கட்ட ஒரு வீட்டின் விலை அளவு ஆகிறது என்று வையுங்கள். ஆளுக்கு வீட்டு விலையில் 2.5 சதவீதம், ஒரே தடவையில். சங்கத்தின் கடைசி மூன்று ஆண்டு வரவுசெலவையும் கூட்டக் குறிப்புகளையும் கேளுங்கள். இருப்பு நிதி எவ்வளவு, சுவர், சாலை பற்றி யாராவது புகார் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். வீடுகள் விற்றுத் தீரும்வரை சில கட்டுமான நிறுவனங்கள் பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியைத் தாங்களே ஏற்கும். இப்போதைய சந்தா குறைவாக இருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வரவுசெலவைத் தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

வாடகைக்கு விட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் சங்க விதியைப் படியுங்கள், பல இடங்களில் குறுகிய கால வாடகைக்குத் தடை உண்டு. விற்பதும் லேசில்லை. இந்த விலையில் மலைவீடு தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவசரத்துக்குப் பணமாக்க முடியாது. பால்கனிக் காட்சிக்கும் சேர்த்துத்தான் விலை சொல்லியிருப்பார்கள். கீழே உள்ள மனை காலியா, அங்கே எத்தனை மாடி கட்ட அனுமதி உண்டு?

சரி, கணவரிடம் என்ன சொல்வது? அதே குடியிருப்பில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள், மழைக்காலமும் அதில் வரட்டும். 60-ஐ நெருங்கும் வயதில் படிகள் எப்படி இருக்கின்றன, ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரமாகிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். அதன் பிறகும் ஆசை மாறாவிட்டால் 30 பங்குக்குள் அடங்கும் சின்ன வீட்டைத் தேடுங்கள். செலவு 0.9 பங்கு, மீதி 70 பங்கின் வருமானம் 2.8 பங்கு, வீடு போக 1.9 பங்கு உங்கள் கையில் நிற்கும்.

எந்த வீடானாலும், மலைமண்ணைப் பரிசோதிக்கும் பொறியாளரை நீங்களே அமர்த்துங்கள், விற்பவர் காட்டும் ஆளை வேண்டாம். அவருடைய அறிக்கையோ காப்பீடோ சரிவராவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.