கவசம் போட்டவருக்குக் கேன் தண்ணீர் போதாது

கேள்வி: சித்திரைத் திருவிழாவுக்காகக் கும்பகோணத்தில் சோழர் காலப் போர்க்காட்சி ஒத்திகை பார்க்கிறோம். பஞ்சு வைத்துத் தைத்த சட்டை, மேலே தகரக் கவசம், தலைக்கவசம். தண்ணீர் கேன் வைத்தும் பையன்களுக்குத் தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு. இளநீர் கொடுத்தால் சரியாகுமா?

பதில்: இளநீர் நல்லதுதான், ஆனால் பாதி மருந்து. அதில் பொட்டாசியம் அதிகம். வியர்வையில் அதிகம் போவதோ சோடியம், அதாவது நம் சாப்பாட்டு உப்பில் இருப்பது. கால் பிடிப்புக்குத் தசைச் சோர்வும் காரணமாகலாம் என்பதால் பழியை முழுக்க உப்பின் மேல் போட வேண்டாம்.

பெரிய சிக்கல் சட்டையில் இருக்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். டெல்டாக் காற்றே புழுக்கம். அதில் பஞ்சுச் சட்டைக்குள் ஊறிய வியர்வை எங்கே ஆவியாகும்? மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும். அதே வேகத்தில் குடித்து ஈடுகட்ட வயிறு இடம் கொடுக்காது. அதனால் இடைவேளை தோறும் நிழலில் கவசத்தைக் கழற்றியே ஆக வேண்டும்.

அப்புறம், கேனை ஓரமாக வைத்தால் கையுறையோடு எவனும் வரமாட்டான். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஆண்டுதோறும் நடக்கும் ‘பென்சிக் போர்’ போன்ற இடைக்காலப் போர் விழாக்களில் தண்ணீர் கொண்டுபோகவே ஆட்கள் உண்டு. நீங்களும் இரண்டு பேரை அதற்கென்றே நிறுத்துங்கள். குழாய் வைத்த பாட்டிலாக இருந்தால் தலைக்கவசத்தோடே உறிஞ்சலாம். கால் மணி நேரத்துக்கு ஒரு டம்ளர் போதும்.

வெறும் தண்ணீரோடு உப்புப் போட்ட நீர்மோர், நீச்சத்தண்ணி இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் என்றால் அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொட்டிக் குடிப்பது தப்பு. பானகத்தில் ஒரு சிட்டிகை உப்பைச் சேர்த்துவிடுங்கள்.

குடித்தது போதுமா என்று பார்க்க எடை மிஷின் போதும். ஈரச் சட்டையைக் கழற்றி, உடம்பைத் துடைத்து, ஒத்திகைக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். 60 கிலோ பையன் 1.2 கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால் போதவில்லை. ஏறியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறான்; இரத்தத்தில் சோடியம் குறையும், அதுவும் ஆபத்துதான்.

பேச்சு குழறினால், தள்ளாடினால், ஆள் யார் என்று தெரியாமல் விழித்தால் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 108க்குச் சொல்லிவிட்டு, கவசத்தைக் கழற்றி உடம்பை நனைத்து விசிறுங்கள். பம்புசெட் தொட்டி பக்கத்தில் இருந்தால், தலையைத் தாங்கிப் பிடித்து கழுத்துவரை தண்ணீரில் இறக்குங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒத்திகையை மாலை ஐந்துக்கு மேல் வையுங்கள். முதல் வாரம் கவசமே வேண்டாம். வெயிலுக்கு உடம்பு பழக பத்துப் பதினான்கு நாள் ஆகும். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்புக் கரைசலைத் தொடும் முன் தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளட்டும்.