மந்திரத்தைத் தள்ளிவிட்டுக் காதலை மட்டும் படிக்கலாமா?

கேள்வி: நாற்பதை நெருங்குகிறேன். கொஞ்ச காலமாகச் சூனியக்காரி, மந்திரம், காதல் என்று வரும் ஃபேன்டஸி நாவல்களையே தேடித் தேடிப் படிக்கிறேன். 'இந்த வயதில் மாயாஜாலக் கதையா?' என்று வீட்டில் கிண்டல். அதைவிட எனக்கே ஓர் உறுத்தல்: மந்திர விதிகள், வம்சக் கதை, பழைய பகை என்று வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டுக் காதல் வரும் இடங்களை மட்டும் படிக்கிறேன். இது ஒரு வாசிப்பா? தொடர் நாவல்களை எந்த வரிசையில் படிப்பது என்பதும் குழப்பமாக இருக்கிறது.
— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: கிண்டலை முதலில் முடித்துவிடுவோம். காதலுக்காகத் தன் மந்திரத்தையெல்லாம் செலவழித்து, கடைசியில் கைவிடப்பட்டு, பெற்ற பிள்ளைகளையே கொல்லும் மீடியா என்ற சூனியக்காரியைக் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் மேடையேற்றியது கி.மு. 431-ல். குழந்தைக் கதை என்று அதை யாரும் சொல்வதில்லை. வீட்டில் சொல்லிப் பாருங்கள். கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். கிண்டல் செய்கிறவர்களை வாதாடித் திருத்த முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

பக்கம் தள்ளும் விஷயத்துக்கு வருவோம். அது குற்றமே இல்லை. ஆனால் தள்ளிய பிறகும் கதை ஒரு குறையும் இல்லாமல் புரிகிறதா என்று கவனியுங்கள். புரிந்தால் தப்பு நாவலுடையது. அதில் மந்திரம் வெறும் ஜோடனை. மந்திரக் கோட்டையை எடுத்துவிட்டு ஓர் அலுவலகத்தை வைத்தாலும் அதே இரண்டு பேர் அதே மாதிரி சண்டை போட்டு அதே மாதிரி சேர்வார்கள். இப்படிப்பட்டவை ஏராளம். பொழுது போக்கப் படியுங்கள், உறுத்தல் வேண்டாம்.

நல்ல நாவலில் காதலர்களின் சிக்கலே மந்திரத்திலிருந்துதான் பிறக்கும். டயானா வின் ஜோன்ஸின் 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' (1986) நல்ல உதாரணம். சோஃபி என்ற இளம்பெண்ணை ஒரு சூனியக்காரி கிழவியாக்கிவிடுகிறாள். அதுவரை கூச்சத்தில் ஒடுங்கிக் கிடந்தவள், கிழவியானதும் மந்திரவாதி ஹவுலின் வீட்டுக்குள் தானாகப் புகுந்து, அவனையே அதட்ட ஆரம்பிக்கிறாள். கிழவிக்கு யாரிடம் என்ன பயம்? அந்தச் சாபம் இல்லையென்றால் இரண்டு பேரும் பழகியிருக்கவே மாட்டார்கள். ஹவுல் ஏன் ஒரு பெண்ணிடமும் நிலைத்து நிற்பதில்லை என்பதற்கும், தீப்பூதம் கால்சிஃபரோடு அவன் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கும் தொடர்பு உண்டு. அந்தப் பக்கங்களைத் தள்ளினால் காதலும் பாதிதான் கிடைக்கும். இதற்கு மேல் சொன்னால் கதை கெட்டுவிடும். (இதை வைத்து ஜப்பானிய இயக்குநர் மியாசாகி எடுத்த 2004 அனிமேஷன் படத்தைப் பார்த்திருந்தாலும் புத்தகத்தைப் படியுங்கள். படம் போரின் பக்கம் நிறையவே சாய்கிறது.)

மேட்லின் மில்லரின் 'சர்சி' (2018) இன்னும் கொடுமை. தான் ஆசைப்பட்ட ஏழை மீனவன் கிளாக்கஸை, கிரேக்கப் புராணத்துச் சூனியக்காரியான சர்சி மந்திர மூலிகையால் தேவனாக்குகிறாள். தேவனானதும் அவன் கண் வேறொருத்தி மேல் போகிறது. மந்திரம் பலித்தது, அதனாலேயே காதல் போனது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: இதைக் காதல் நாவல் என்று நினைத்து எடுக்காதீர்கள். பெரும்பகுதி ஒரு பெண் தீவில் தனியாக இருக்கும் கதை.

டெபோரா ஹார்க்னஸின் 'எ டிஸ்கவரி ஆஃப் விட்சஸ்' (2011) உங்கள் பொறுமையைச் சோதிக்கும். ஆசிரியர் அறிவியல் வரலாற்றுப் பேராசிரியர். பழைய சுவடி, ரசவாதம் என்று இறங்கினால் லேசில் வெளியே வர மாட்டார். ஆனால் நாயகி அந்தச் சுவடியைத் திறந்ததால்தான் மாத்யூ என்ற வாம்பயர் (ரத்தக்காட்டேரி) அவளை வட்டமிட ஆரம்பிக்கிறான். தன் சக்தியை வேண்டாம் என்று ஒதுக்கி வாழ்கிறவள் அவள். ஏன் ஒதுக்கினாள் என்பது தெரியாமல் அவர்களுடைய காதலைப் படித்தால் சப்பென்று இருக்கும். நடுநடுவே கொஞ்சம் வெட்டியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். அந்த இடங்களைத் தாராளமாகத் தள்ளுங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அப்புறம், வரிசை. கதை நடக்கும் காலத்தை விட்டுவிட்டு, வெளிவந்த வரிசையில் படியுங்கள். ஓவன்ஸ் என்ற சூனியக்காரிக் குடும்பத்தைப் பற்றிய ஆலிஸ் ஹாஃப்மனின் 'பிராக்டிகல் மேஜிக்' 1995-ல் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறைகளின் கதைகள் 2017-லும் 2020-லும்தான் வந்தன. 2020-ல் வந்தது பதினேழாம் நூற்றாண்டுக்கே போய், ஓவன்ஸ் குடும்பத்துப் பெண்களின் காதலைத் துரத்தும் சாபம் எப்படி வந்தது என்று சொல்கிறது. காலவரிசைதானே என்று அதிலிருந்து தொடங்கினால், சாபம் எங்கே தொடங்கியது என்பது முதலிலேயே தெரிந்துவிடும். மற்றவற்றில் பெண்கள் அதோடு மல்லுக்கட்டும்போது, அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே உங்களுக்கு எழாது. கடைசிப் பகுதியான 'தி புக் ஆஃப் மேஜிக்' (2021) மற்ற மூன்றையும் படித்தவர்களுக்கானது. நான்கும் படிக்க நேரமில்லை என்றால் முதல் நாவலோடு நிறுத்தினாலும் சரி, அது தனியாகவே முடிந்த கதை.