ஆடிக் காற்றை நம்பிக் காற்றாடி வாங்கலாமா?

கேள்வி: உடுமலைக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோமுங்க. ஈ.பி. இணைப்பு இருக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சோலார் செல்லை உதிரியாக வாங்கிப் பேனலை நாமே செய்துவிடலாம் என்கிறான் மச்சினன். 500 வாட் மின்சாரம் தரும் என்று ஆன்லைனில் காற்றாடி ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறான். இறக்கை முனைக்கு முனை ஒரு மீட்டர். இங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. வாங்கலாமுங்களா?

பதில்: காற்றாடியை முதலில் பார்த்துவிடுவோம், காசு அதிகம் வீணாகிற இடம் அதுதான்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியிலிருந்து புரட்டாசி வரை வருகிற காற்றை நம்பித்தான் உங்கள் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் அவையெல்லாம் தென்னை உயரத்தைத் தாண்டி நிற்பவை. சாளைக் கூரைக்கு வருவது தோப்பில் மோதிச் சிதறிய காற்று. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடும், அதுதான் சங்கடம்.

விளம்பரத்தில் வாட்டைப் பார்க்காதீர்கள், இறக்கையின் அளவைப் பாருங்கள். ஒரு மீட்டர் இறக்கை சுற்றும் வட்டத்தில் மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தாலும், அந்தக் காற்றில் இருக்கும் மொத்த சக்தியே சுமார் 800 வாட்தான். அதில் 59 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது. இதைப் பெட்ஸ் வரம்பு என்பார்கள். கணக்குப்படியே 500 வரவில்லை, பாருங்கள். நடைமுறையில் 250 வந்தால் பெரிது. சாதாரண நாளில் 14 கி.மீ. காற்றுக்குப் பத்து வாட் கூட வராது. ஒரு எல்.இ.டி. பல்பு எரிக்க ஒரு கம்பமா?

சரி, பேனல். நானும் ஒரு காலத்தில் செய்து பார்த்தவன்தான். செல் ஒன்றுக்கு அரை வோல்ட். 12 வோல்ட் பேட்டரியில் சார்ஜ் ஏற அதைவிட அதிக வோல்ட் வேண்டும், அதனால் 36 செல். அப்பளம் போல இருக்கும், சால்டரிங் வைக்கும்போதே ஐந்து உடைந்தது. மீதியைக் கண்ணாடிக்குள் வைத்து ஓரத்தில் சிலிக்கோன் பசை அடைத்தேன். முதல் ஐப்பசி மழையில் கண்ணாடிக்கு உள்பக்கம் வியர்த்தது. பொங்கலுக்குள் இணைப்புத் தகடுகள் பச்சை பிடித்துவிட்டன. கம்பெனியில் செல்லை இரண்டு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே வைத்து, காற்றை உறிஞ்சி, சூடேற்றி ஒட்டுகிறார்கள். அந்த வேலையை அடுப்படியில் செய்ய முடியாது. இணைப்பு சரியில்லாத இடம் சூடேறினால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

அதனால் பேனலைக் கடையில் வாங்குங்கள், மற்ற வேலையை மச்சினனிடம் விடுங்கள். தெற்குப் பார்த்து, சுமார் 11 டிகிரி சாய்வில் இரும்பு ஸ்டாண்ட், சார்ஜ் கன்ட்ரோலர் (பேட்டரியில் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறாமல் பார்த்துக்கொள்ளும் கருவி), பேட்டரி, வயரிங். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ் போடச் சொல்லுங்கள், அதை மட்டும் விட்டுவிடக் கூடாது. 200 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு முக்கால் யூனிட் தரும். நாலு பல்பும் கரண்ட் குறைவாக இழுக்கும் ஒரு பி.எல்.டி.சி. ஃபேனும் இரவுக்குத் தாராளம்.

மானியத்தில் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். 2024-இல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் பதிவு பெற்ற நிறுவனம்தான் அமைக்க வேண்டும், பேனலும் இந்தியச் செல்லில் செய்ததாக இருக்க வேண்டும். கையால் செய்ததற்கு ஒரு பைசா வராது. இன்னொன்று, இந்த மானியம் ஈ.பி. லைனோடு இணைத்த சோலாருக்குத்தான். பேட்டரி இல்லாவிட்டால், கரண்ட் போனதும் அது தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறும் லைன்மேனுக்கு ஷாக் அடிக்காமல் இருக்கத்தான் அப்படி. பில் குறையும், உங்கள் இருட்டு போகாது.

கேள்வி: கோபியில் பழைய பேனல் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எப்படிச் சோதிப்பது?

பதில்: பின்பக்கம் லேபிள் இல்லையென்றால் தொடவே வேண்டாம். இருந்தால், உச்சி வெயிலில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். வோல்டேஜ் சரியாக இருக்கிறது என்று கடைக்காரர் காட்டுவார், தேய்ந்த பேனலிலும் அது ஏறக்குறைய முழுதாகவே வரும். லேபிளில் ஐ.எஸ்.சி. (பேனலின் இரண்டு முனைகளையும் நேரடியாகச் சேர்த்தால் ஓடும் கரண்ட்) 10 ஆம்பியருக்குள் இருந்தால், மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சுக்கு மாற்றி அதையும் அளந்து பாருங்கள். எழுதியிருப்பதைவிட ரொம்பக் குறைந்தாலோ, செல் பழுப்பேறியிருந்தாலோ, பாதி விலையும் அதிகம்தான்.