திவாலுக்கு நடுவே இணைப்பு: விமான நிறுவன ஊழியர்களின் கேள்விகள்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு விமான நிறுவனத்தில் நெடுங்காலமாக விமானப் பணிப்பெண்ணாக இருக்கிறேன். எங்கள் நிறுவனம் திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தின் கீழ், அதாவது தொழிலை நடத்திக்கொண்டே கடன்களைச் சீரமைக்கும் வகையில், நீதிமன்றப் பாதுகாப்பில் இருக்கும்போதே, போட்டி நிறுவனம் ஒன்று எங்களைத் தன்னோடு இணைத்துக்கொள்ள முன்வந்திருக்கிறது. நிர்வாகம் எதிர்க்கிறது, சங்கத்துக்குள் இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. ஊழியர்கள் எந்தப் பக்கம் நிற்பது?

பதில்: இதே நிலையில் இருந்த இரண்டு நிறுவனங்களின் ஊழியர்கள் நேர் எதிரான முடிவுகளை எடுத்திருக்கிறார்கள். 2006 நவம்பரில், திவால் பாதுகாப்பில் இருந்த டெல்டாவை வாங்க யூஎஸ் ஏர்வேஸ் முன்வந்தபோது, டெல்டா ஊழியர்கள் நிர்வாகத்தோடு சேர்ந்து நின்று எதிர்த்தார்கள். தரும் தொகையை ஏறத்தாழ 1,020 கோடி டாலராக உயர்த்தியும் கடன்கொடுத்தோரின் ஆதரவு கிடைக்காததால், 2007 ஜனவரி இறுதியில் யூஎஸ் ஏர்வேஸ் பின்வாங்கியது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸில் நடந்தது வேறு. 2011 நவம்பர் 29 அன்று அதன் தாய் நிறுவனம் திவால் மனு அளித்தது. அடுத்த பிப்ரவரியில் சுமார் 13,000 பணியிடங்களைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் அறிவித்தது. அதன்பின் விமானிகள், விமானப் பணிப்பெண்கள், தரைப்பணியாளர்கள் ஆகியோரின் மூன்று சங்கங்களும், தங்கள் நிர்வாகம் இணைப்புக்கு இணங்காதிருந்த 2012 ஏப்ரலிலேயே, இணைப்பு நடந்தால் என்னென்ன நிபந்தனைகள் என்பதை யூஎஸ் ஏர்வேஸுடன் எழுத்தில் முடித்துக்கொண்டன. திவால் வழக்கில் கடன்கொடுத்தோர் சார்பில் பேசும் ஒன்பது பேர் கொண்ட குழுவில் மூன்று இடங்கள் அந்தச் சங்கங்களுடையவை என்பதால், அவற்றின் நிலைப்பாட்டை ஒதுக்கிவிட யாராலும் முடியவில்லை. 2013 டிசம்பர் 9 அன்று இணைப்பு நிறைவேறியது.

ஆகவே, முதலில் உங்கள் சங்கத்துக்குக் கடன்கொடுத்தோர் குழுவில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அடுத்து, வாங்க வரும் நிறுவனம் எதையேனும் எழுத்தில் தர முன்வந்திருக்கிறதா என்று பாருங்கள். திவால் திட்டத்துக்குக் கடன்கொடுத்தோரின் வாக்கும் நீதிபதியின் ஒப்புதலும் தேவைப்படும் இந்த மாதங்களில்தான் ஊழியர் தரப்புக்கு வலு அதிகம்; ஒப்புதல் கிடைத்தபின் அந்த வலு வெகுவாகக் குறைந்துவிடும். நிர்வாகத்தின் மேல் உள்ள கோபத்தாலோ பற்றினாலோ பக்கம் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள் என்று உங்கள் சக ஊழியர்களிடம் மன்றாடியாவது சொல்லுங்கள்.

கேள்வி: இணைப்பு நடந்தால் என் பணிமூப்பு என்னவாகும்? எங்களுக்குள் பெரிய அச்சம் இதுதான்.

பதில்: அச்சத்துக்குக் காரணம் உண்டு. எந்த வழித்தடம், எந்த மாதத்தில் விடுப்பு, எந்த ஊரைத் தளமாகக் கொண்டு பறப்பது, ஆட்குறைப்பு வந்தால் முதலில் வெளியேறுவது யார் என்பதெல்லாம் பணிமூப்புப் பட்டியலில் நிற்கும் இடத்தைப் பொறுத்தே அமைகின்றன. 2001-இல் மூன்றாம் முறையாகத் திவாலான டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, டி.டபிள்யூ.ஏ.வின் விமானப் பணிப்பெண்கள் அனைவரும் பட்டியலின் அடியில் சேர்க்கப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு விமானத் தொழில் சரிந்தபோது, பல பத்தாண்டுகள் பறந்தவர்களும் புதியவர்களைப்போல வரிசையில் முதலாவதாக வெளியேற்றப்பட்டார்கள். 2003-க்குள் ஏறத்தாழ 4,000 பேரும் வேலையில் இல்லை. சட்டம் இதைத் தடுக்காமல் விட்டது பெரும் அநீதி என்றே நான் கருதுகிறேன்.

அந்த அனுபவத்தின் விளைவாக மிசௌரி மாநில செனட்டர்கள் இருவர் முன்னெடுத்த மெக்கஸ்கில்–பாண்ட் திருத்தம் 2007 டிசம்பரில் சட்டமானது. இப்போது இரு நிறுவனங்களின் பட்டியல்களையும் நியாயமான முறையில் இணைக்க வேண்டும். பேச்சில் உடன்பாடு வராவிட்டால் நடுவரிடம் செல்லலாம். இரு தரப்பையும் ஒரே சங்கம் பிரதிநிதித்துவப்படுத்தினால் அந்தச் சங்கத்தின் சொந்த விதிகள் பொருந்தும் என்பதால், அந்த விதிகளை இப்போதே படித்துவிடுங்கள்.

நடுவர் தீர்ப்பு வந்தாலே அமைதி வந்துவிடும் என்றும் நம்ப முடியாது. 2005-இல் யூஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தன. 2007-இல் வந்த தீர்ப்பு, ஆட்குறைப்பில் வெளியே இருந்த யூஎஸ் ஏர்வேஸ் விமானிகளைப் பட்டியலின் அடியில் வைத்தது. மனம் கொதித்த விமானிகள் சங்கத்தையே மாற்றினார்கள், வழக்குகள் தொடர்ந்தன, ஒரே நிறுவனத்தின் விமானிகள் ஆண்டுக்கணக்கில் இரண்டு பட்டியல்களில் பறந்தார்கள். மாறாக, டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் 2008-இல் இணைந்தபோது, இணைப்பு முடிவதற்கு முன்பே இரு தரப்பு விமானிகளும் பொது ஊதிய ஒப்பந்தத்தை ஏற்றிருந்தார்கள். நடுவர்களின் பட்டியலும் அந்த ஆண்டு முடிவதற்குள் வந்துவிட்டது.

கேள்வி: சங்கம் நிர்வாகத்தோடு செய்துள்ள கூட்டு ஊதிய, பணி ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்துவிடுமா? ஓய்வூதியம் பாதுகாப்பானதா?

பதில்: ரத்து செய்ய அனுமதிக்கலாம். ஆனால் திவால் சட்டத்தின் 1113-ஆம் பிரிவின்படி, நிர்வாகம் முதலில் மாற்றங்களை முன்மொழிந்து, உரிய கணக்குகளைச் சங்கத்திடம் காட்டி, நல்லெண்ணத்தோடு பேச வேண்டும்; மீட்சிக்கு அந்த மாற்றங்கள் தேவை என்று நீதிபதி ஏற்க வேண்டும். சங்கத்தில் இல்லாத அலுவலக ஊழியர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஓய்வூதியத்தில் இரண்டு வகையைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் பெயரில் உள்ள 401(கே) எனும் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு நிறுவனத்தின் சொத்து ஆகாது. அதில் நிறுவனத்தின் பங்குகளை வைத்திருந்தால் மட்டும் அவற்றின் மதிப்பு முழுதும் கரைந்துபோகக்கூடும். மாதாந்திர ஓய்வூதியத் திட்டம் கைவிடப்பட்டால், அரசு சார்ந்த ஓய்வூதியக் காப்புறுதிக் கழகம் சட்ட வரம்பு வரை மட்டுமே தரும். 2005-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் திட்டங்களைக் கைவிட்டபோது கழகம் ஏறத்தாழ 660 கோடி டாலர் பொறுப்பை ஏற்றது. வரம்புக்கு மேல் எதிர்பார்த்திருந்தவர்கள் அதை இழந்தார்கள். அமெரிக்கனில் அந்தக் கழகமே கடுமையாக எதிர்த்ததால், பெரும்பாலான திட்டங்கள் கைவிடப்படாமல், இனி புதிய பலன் சேராதபடி முடக்கப்பட்டன. அதுவரை சேர்ந்த பலன் காக்கப்பட்டது. உங்கள் திட்டம் முடக்கப்படுகிறதா, கைவிடப்படுகிறதா என்பதை சங்கத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.