சுருட்டுத் தொழிலாளர் சங்கம்: வளர்ச்சியும் தேய்வும்

கேள்வி: அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் சுருட்டு சுற்றும் தொழிலாளியாக இருந்தவர் என்று படித்தேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள்; அவர்களைச் சங்கத்தில் சேர்ப்பதே பெரும்பாடாக இருக்கிறது. அவருடைய சங்கம் இதை எப்படிச் சமாளித்தது? (வாசகர், குடியாத்தம்)

பதில்: உள்ளபடி சொன்னால், அந்தச் சங்கம் வீட்டுத் தொழிலாளர்களைச் சேர்க்க முயன்றதைவிட வீட்டுத் தொழிலை ஒழிக்க முயன்றதே அதிகம். 1864இல் தொடங்கப்பட்ட சுருட்டுத் தொழிலாளர் சங்கம், கைத்தேர்ச்சி பெற்றவர்களின் சங்கமாகவே இருந்தது. 1860களின் இறுதியில் மர அச்சு வந்தபோது அந்தத் தேர்ச்சியின் மதிப்பு சரிந்தது. உள்ளே வைக்கும் புகையிலையை அச்சில் அழுத்தி வடிவம் கொடுத்துவிட்டால், மேல் இலையைச் சுற்றுவது மட்டுமே பாக்கி என்பதால், புதியவர்களும் குறைந்த காலத்தில் வேலையைப் பழகிக்கொள்ள முடிந்தது. நியூயார்க் முதலாளிகள் ஒண்டுக்குடித்தனக் கட்டடங்களில் பொஹீமியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டுப் பகுதி) வந்த குடும்பங்களைக் குடிவைத்து, சமைத்து உறங்கும் அறையிலேயே புகையிலையைக் கொட்டி வேலை வாங்கினார்கள். வீட்டுக்காரரும் முதலாளியும் ஒருவரே என்பதால், வேலை போனால் வீடும் போகும்.

அப்படியிருந்தும், 1877இல் நியூயார்க்கில் வெடித்த பெரிய வேலைநிறுத்தத்தில் சங்கத்தில் இல்லாத இந்தக் குடித்தனக்காரர்கள் துணிந்து இறங்கினார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டன. நிவாரணப் பணம் போதாமல் போராட்டம் தோற்றது. காம்பர்ஸுக்கும் பல மாதங்கள் வேலை கிடைக்கவில்லை. அந்த ஆண்டு சங்கத்தின் தலைவரான அடால்ஃப் ஸ்ட்ராசரும் அவரும் அதிலிருந்து எடுத்த முடிவு, ஆவேசத்தைவிடக் கஜானா முக்கியம் என்பதே. பிரிட்டிஷ் சங்கங்களைப் பின்பற்றிச் சந்தாவை உயர்த்தினார்கள். நோய்ப்படி, இறப்பு உதவி, வேலை தேடி ஊர் மாறுவோருக்குக் கடன் ஆகியவற்றை ஏற்படுத்தினார்கள். பணம் மிகுந்த கிளையிலிருந்து வறண்ட கிளைக்கு நிதியை மாற்றவும் வழி செய்தார்கள். ஏழைத் தொழிலாளி கூடுதல் சந்தா தருவானா என்ற கேள்வி அப்போதும் எழுந்தது. தந்தான், தன் பணம் உள்ளே இருந்ததாலேயே மந்த காலத்திலும் அவன் சங்கத்தை விட்டு விலகவில்லை.

வீட்டுத் தொழிலைத் தடுக்கும் சட்டத்துக்காக, காம்பர்ஸ் புத்தக விற்பனையாளரைப் போல அந்தக் கட்டடங்களுக்குள் நுழைந்து தகவல் திரட்டினார். முதலில் எதிர்த்த இளம் சட்டமன்ற உறுப்பினர் தியடோர் ரூஸ்வெல்ட், நேரில் சென்று பார்த்தபின் மனம் மாறினார். 1883இல் வந்த சட்டமும், 1884இல் திருத்தி வந்த சட்டமும் செல்லாது எனத் தீர்ப்பாயின. தொழிலாளியை அவனுடைய வீட்டிலிருந்து பிரிப்பது சுதந்திரத்துக்கு விரோதம் என்று 1885இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. அந்த வீட்டின் உரிமையாளர் யார் என்பதை நீதிபதிகள் யோசித்ததாகத் தெரியவில்லை! இந்தியாவில் 2025 வரை அமலில் இருந்த 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றது. உங்கள் ஊர்க்காரர்கள் அந்த இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம்.

சங்கத்தின் இருண்ட பக்கத்தையும் சொல்ல வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் சீனத் தொழிலாளர் தொடாத சுருட்டு என்று காட்ட 1870களில் வெள்ளை லேபிள் ஒட்டினார்கள். சங்கத்தினர் சுற்றிய சுருட்டு என்று காட்ட 1880இல் வந்த புகழ்பெற்ற நீல லேபிள் அதன் வழிவந்ததே. பெண்களும் இயந்திரமும் தொழிலில் பெருகியபோது, கைவேலைக்காரரின் மதிப்பைக் காக்கச் சங்கம் நெடுங்காலம் கதவை மூடியே வைத்திருந்தது. சிகரெட்டும் சுருட்டு இயந்திரமும் சந்தையைப் பிடித்தபின் உறுப்பினர்கள் கரைந்து, 1974இல் சில்லறை வணிகத் தொழிலாளர் சங்கத்துடன் அது இணைந்தது.

கேள்வி: சுருட்டுத் தொழிலாளர்கள் வேலை நேரத்தில் புத்தகம் படிக்கக் கேட்டார்களாமே? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: ஆம். சுருட்டுப் பட்டறையில் இரைச்சல் இல்லை. கைகள் பழக்கத்தால் ஓடும், காது சும்மா இருக்கும். நியூயார்க் பட்டறையில் தங்களில் ஒருவரைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர் இழக்கும் சுருட்டுகளை மற்றவர்கள் பங்கிட்டுக் கொடுத்ததாகக் காம்பர்ஸ் எழுதியிருக்கிறார். கண்ணூர் பீடிக் கூடங்களிலும் இதே வழக்கம் இருந்தது. ஃபுளோரிடாவின் டாம்பாவில் கியூபத் தொழிலாளர்கள் சம்பளம் கொடுத்து வாசிப்பாளரை மேடையில் அமர்த்தினார்கள். அரசியல் பரவுகிறது என்று 1931இல் முதலாளிகள் அதைத் தடைசெய்தபோது, தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள்.