நீல டான்யூப் வால்ட்ஸை எங்கே கேட்பது?

வியன்னாவுக்குப் படிக்க வரும் தம்பி, வாடகையையும் குளிருடையையும் பற்றிக் கேட்டுவிட்டு, புத்தாண்டன்று ஒலிக்கும் 'நீல டான்யூப்' வால்ட்ஸை (வால்ட்ஸ் என்பது மூன்று தாள அடிகளில் அமைந்த நடன இசை) எங்கே கேட்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் உங்கள் பல்கலைக்கழக மாணவர் சங்கமே சொல்லிவிடும். கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

ஸ்டீபன் பேராலயத்தைச் சுற்றிப் பொய்முடியும் சரிகை அங்கியும் அணிந்தவர்கள் நுழைவுச்சீட்டு விற்க உங்களை மறிப்பார்கள், வாங்காதீர்கள். ஒரு வாரச் சாப்பாட்டுப் பணத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டு வருந்தும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த உடை இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் காலத்தது. அவர் இறந்தது 1791இல். வியன்னா இசையமைப்பாளர் இளைய யோஹான் ஸ்ட்ராவுஸின் இந்த வால்ட்ஸ் அரங்கேறியதோ 1867இல்.

இங்கே நெடுங்காலமாக வாழும் நம்மவர் சிலர், இது அரண்மனைக்காரர்களின் சங்கீதம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனெனில் இது தோற்றுப்போன ஒரு நகரத்தில் பிறந்த இசை. 1866 ஜூலையில் கோனிக்ரேட்ஸ் போர்க்களத்தில் ஆஸ்திரியா, ஜெர்மானிய அரசான பிரஷ்யாவிடம் தோற்றது. அடுத்து வந்த குளிர்கால நடனப் பருவத்துக்காக வியன்னா ஆண்கள் பாடகர் சங்கத்துக்கு ஸ்ட்ராவுஸ் இதைப் பாடலாகவே எழுதிக் கொடுத்தார். கோடையில் நீச்சல் குளமாக இருந்து, குளிர்காலத்தில் தளமிட்டு மூடி நடனக் கூடமாக்கப்பட்டுவந்த டயானாபாத் அரங்கில், 1867 பிப்ரவரி 15 அன்று அது முதன்முதலில் பாடப்பட்டது. யோசெஃப் வைல் எழுதிய வரிகளில் டான்யூப் நதியே கிடையாது. "வியன்னாக்காரர்களே, மகிழுங்கள்!" என்று ஒரு குரல் அழைக்க, "அப்படியா, எதற்காக?" என்று மற்றொரு குரல் கேட்கும். அதே ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் வாத்திய இசையாக ஒலித்த பிறகே அது உலகெங்கும் பரவியது. நதியைப் பாடும் வரிகள் வந்து சேர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். டிசம்பர் 31 நள்ளிரவில் வானொலியில் பேராலயத்தின் பெரிய மணி ஒலித்து ஓய்ந்ததும் இந்த இசை தொடங்கியது. அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாத சமையற்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பரிமாறும் பெண்ணோடு ஆட ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே நான் நடனப் பள்ளியில் சேர்ந்தேன். மூன்று தாள அடிகளில் இரண்டாவதை வியன்னா வாத்தியக்காரர்கள் சற்றே முந்தி வாசிப்பார்கள் என்பதை அங்கே என் கால்கள்தாம் முதலில் புரிந்துகொண்டன. இன்று இடப்பக்கச் சுழற்சியையும் தடுமாறாமல் ஆடுகிறேன்.

முசிக்ஃபெரைன் என்னும் இசை அரங்கில் நடக்கும் புத்தாண்டுக் காலைக் கச்சேரிக்குச் சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தொலைக்காட்சியில் பாருங்கள். நிகழ்ச்சியின் முடிவில் வயலின்கள் நடுங்கும் ஒலியில் இந்த வால்ட்ஸைத் தொடங்கியதும் அரங்கம் கைதட்டி நிறுத்தும். இசை நடத்துநரும் இசைக்குழுவும் வாழ்த்துச் சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பார்கள். மற்ற நாட்களில் அதே அரங்கில் நின்று கேட்கும் இடங்கள் மலிவாகக் கிடைக்கும். மாணவர்கள் அங்கேதான் போக வேண்டும்.