பட்டை கூட்டிய பிக்கப்பும் நிற்க மறுக்கும் பிரேக்கும்

வாகனம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஓசூர்ப் பக்கத்திலிருந்து கலாசிபாளையம் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வருவதற்காக, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்றரை டன் பிக்கப் வாங்கினேன், நானே ஓட்டுகிறேன். பாரம் ஏற்றினால் பின்பக்கம் மிகவும் இறங்கியதால், ஆறு மாதங்களுக்கு முன் இருபுறமும் ஸ்பிரிங் பட்டை கூட்டினோம். இப்போது பாரத்துடன் பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் ஆகிறது. 60 கிலோமீட்டர் வேகத்தில் பள்ளத்தில் இறங்கினால் ஸ்டீயரிங் கிடுகிடுவென ஆடுகிறது. சர்வீஸ் சென்டரில் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள்.
– வாசகர், ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது ஸ்டீயரிங் ஆட்டத்தைவிட, நிற்கும் தூரம் கூடியிருப்பதுதான். இரண்டையும் சரிபார்க்கும்வரை முழுப் பாரத்துடன் அத்திப்பள்ளி நெடுஞ்சாலையில் வண்டியை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பல பிக்கப் வண்டிகளில் பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டத்துக்கும்) நடுவே, ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட சிறிய வால்வு இருக்கும். பாரம் ஏற ஏறப் பட்டை அமுங்கி, அச்சுக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளி குறையும். அதை வைத்தே அந்த வால்வு பாரத்தை அறிந்து, பின் பிரேக்குக்குச் செல்லும் அழுத்தத்தைக் கூட்டுகிறது. வண்டி காலியாக இருந்தால், பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி அழுத்தத்தைக் குறைக்கிறது. பட்டை கூட்டிய பிறகு, அதே ஒன்றரை டன் ஏற்றினாலும் பின்பக்கம் முன்போல் இறங்குவதில்லை என்பதால், வால்வின் கணக்கில் உங்கள் வண்டி பாதி காலியாகவே ஓடுகிறது. பின் பிரேக் அரைகுறையாகப் பிடிக்க, சுமை முழுவதும் முன் பிரேக்கின் மேல் விழுகிறது. தொடர்ந்து பிடிக்கும்போது அது சூடேறித் தன் பிடிப்பை இழக்கிறது. பிரேக்கின் பாகங்களைத் தனித்தனியாகச் சோதித்தவருக்கு எல்லாம் சரியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. பின் அச்சருகே அந்த வால்வு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், கூட்டிய பட்டையைக் கழற்றிவிட்டு, நிறுவனம் தந்துள்ள அளவின்படி அந்தக் கம்பியைச் சரிசெய்ய வேண்டும்.

ஸ்டீயரிங் ஆட்டத்துக்கு டயர் பேலன்ஸ், முன் சக்கரங்கள் திரும்ப உதவும் இணைப்புகளான டை ராடு முனைகள், கிங்பின் அல்லது பால் ஜாயின்ட் ஆகியவற்றின் தேய்மானம் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்ததால் முன் சக்கரக் கோணமும் மாறியிருக்கும். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 உரிமையாளர்கள் 2019இல் கலிஃபோர்னியாவில் தொடுத்த வழக்கும் இத்தகைய ஆட்டத்தைப் பற்றியதே. நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு மேடு தட்டினால் முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்கி, வேகத்தைக் குறைத்த பிறகே அடங்கும் என்பது அவர்களுடைய முறையீடு. ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் மாற்றித் தந்தால் ஏற்காதீர்கள். ஆட்டம் சில மாதங்கள் மறைந்திருக்கும், தேய்ந்த பாகம் அப்படியே இருக்கும்.

பின்பக்கம் அவ்வளவு இறங்கியது ஏன் என்பதையும் நீங்கள் பார்க்க வேண்டும். பாரத்துடன் ஒருமுறை எடை மேடையில் ஏற்றி, ஆர்சி புத்தகத்தில் உள்ள மொத்த எடையுடன் ஒப்பிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது.

கேள்வி: தண்ணீர் கேன் விநியோகத்துக்கு வைத்திருக்கும் பிஎஸ்-6 டீசல் பிக்கப்பில் புகை வடிகட்டி விளக்கு அடிக்கடி எரிகிறது. இன்ஜின் ஆயில் அளவும் கூடுகிறதே, ஏன்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க, புகைக்குழாயில் ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். தெருவுக்குத் தெரு நின்று போகும் வண்டியில் அந்த வெப்பம் எட்டுவதில்லை. அதை எட்டுவதற்காக இன்ஜின் கூடுதலாகச் செலுத்தும் டீசலில் ஒரு பகுதி ஆயிலில் கலக்கிறது. அளவு கூடுவது அதனால்தான். நீர்த்த ஆயிலுடன் ஓட்டினால் பேரிங் தேயும், ஆகவே ஆயிலை உடனே மாற்றுங்கள். விளக்கு எரிந்ததும் நைஸ் சாலை போன்ற தடையற்ற சாலையில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். வடிகட்டியைக் கழற்றிவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: வண்டியில் குறை இருந்தாலும், தொழிலுக்கு வாங்கியது என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்கிறார்களே?
– வாசகர், விவேக்நகர், பெங்களூரு

பதில்: அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சுயதொழிலால் வாழ்க்கை நடத்துவதற்காகவே வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. லாரி வாங்கித் தானே வாடகைக்கு ஓட்டுபவர் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 1995இல், லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் விளக்கியிருக்கிறது. பல வண்டிகள் வைத்து ஓட்டுநர்களைக் கொண்டு நடத்தும் நிறுவனத்துக்கு இந்தச் சலுகை கிடைப்பது கடினம்.

குறை தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். ஒரே மாடலில் பலருக்கும் ஒரே குறை இருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசு ஆணையிட முடியும். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஒவ்வொரு முறை வண்டியைச் சர்வீஸுக்கு விடும்போதும் குறையை உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரின் வேலைச் சீட்டில்) எழுதச் சொல்லி, தேதியும் கிலோமீட்டரும் பதிந்த நகலை வாங்கிக்கொள்ளுங்கள். 'பொதுச் சோதனை' என்று மட்டும் எழுதப்பட்ட கார்டை வைத்து ஆணையத்தில் எதையும் நிறுவ முடியாது.